3 நாளில் யாழ்ப்பாணம்: நயினாதீவும் நெடுந்தீவும் ஒரே நாளில் சரிவருமா?

வாவிக்கரை:
ஆவணியில் மட்டக்களப்பிலிருந்து 5 பேர் வானில் வருகிறோம். அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் நோ. கையில் 3 நாள். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, நல்லூர், கீரிமலை, பருத்தித்துறை, கோட்டை, நூலகம் என்று மிச்ச நாட்களைப் பிரிக்கலாமா? கூழ் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கோ.

பண்ணைக்காற்று:
ஒரே நாளில் ரெண்டும் வேண்டாம். ரெண்டுக்கும் படகு புங்குடுதீவில இருக்கிற குறிகட்டுவான் இறங்குதுறையிலதான் எண்டபடியால் கிட்டக்கிட்ட எண்டு நினைக்கிறியள். நயினாதீவுக்கு 20 நிமிசமும் ஆகாது, படகும் அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் மட்டில. போற படகும் வாற படகும் எண்ணிக்கையில் குறைவு. காலமைப் படகை விட்டால் அந்த நாள் போச்சு, பின்னேரப் படகை விட்டால் இரவு தீவிலதான்.

ஆவணியில் சோழகம் (தென்மேற்குக் காத்து) இன்னும் ஓயாது. மத்தியானத்துக்குப் பிறகு காத்து எழும்பினால் நெடுந்தீவுப் பக்கம் படகு நல்லா ஆடும். அம்மாவோட எண்டால் நயினாதீவு மட்டும் காணும். அதிலயும் ஒண்டு கவனியுங்கோ: இறங்குதுறையிலிருந்து படகுக்குக் கால் வைக்கிற இடம்தான் சிக்கல். சில படகுகளில் குனிஞ்சு உள்ளுக்கு இறங்கவேணும், கீழ எஞ்சின் சூடும் டீசல் மணமும். ஒராள் முன்னுக்கு, ஒராள் பின்னுக்கு நிண்டு அம்மாவை இறக்குங்கோ, வசதியான இடம் பிடிச்சு இருத்துங்கோ. போயா (பௌர்ணமி) நாளும் சனி ஞாயிறும் தெற்கிலிருந்து அங்க இருக்கிற புத்த கோயிலான நாகவிகாரைக்கு வாற சனத்தால வரிசை நீளும். கிழமை நாளில் வெள்ளன போனால் நாகபூசணி அம்மன் பூசையும் பாத்து, அமுதசுரபி அன்னதான மடத்தில் மத்தியானச் சோறும் சாப்பிட்டுத் திரும்பலாம்.

குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில போறவைக்கு 776ஆம் இலக்கம். வானில எண்டால் பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு வாணர் தாம்போதி (கடலுக்குக் குறுக்கால போற றோட்டு), புங்குடுதீவு. தாம்போதியில் ரெண்டு பக்கமும் கடல்தான்.

முருகைக்கல்:
நெடுந்தீவை இப்பிடி விலக்கிறது சரியில்லை. அம்மாவும் இன்னொராளும் நல்லூரில் நிக்க, மற்ற மூண்டு பேரும் ஒரு நாள் போய்வரலாம். தீவில ஓட்டோவைப் பேசி, முதல்ல குதிரை மேயிற வெளிக்குப் போங்கோ. வெயில் ஏறினால் அங்க ஒதுங்க நிழல் இல்லை. பிறகு பெருக்கு மரம் (பாவோபாப்), ஒல்லாந்தர் கட்டின புறாக்கூடு. நான் முதல்ல பாக்கச் சொல்லுறது வேலியளைத்தான். சீமெந்து ஒரு துளியும் இல்லாமல் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்லை) ஒண்டுக்கு மேல ஒண்டாக அடுக்கினது. காத்து இடைவெளியால போகும், வேலி நிக்கும். சாய்ஞ்சு படம் எடுக்காதேங்கோ, ஒரு கல் கழண்டால் பக்கத்தில நாலு கல் சரியும். தண்ணியும் சாப்பாடும் குறிகட்டுவானுக்கு வர முன்னமே வாங்கிக்கொள்ளுங்கோ.

நிலாவரை:
மிச்ச ரெண்டு நாளையும் இடத்தின்ர பேரைப் பாத்துப் பிரிக்காமல் றோட்டைப் பாத்துப் பிரியுங்கோ. காங்கேசன்துறை றோட்டு ஒரு நாள், பருத்தித்துறை றோட்டு ஒரு நாள்.

முதல் றோட்டில் சுன்னாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், அதுக்கங்கால கீரிமலை. அங்க கேணிச் சுவருக்கு அங்கால கடல் உப்பு, இங்கால நல்ல தண்ணி. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. மழைத்தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால இறங்கி நிலத்துக்குக் கீழயே ஓடும், அது வெளிய வாற ஒரு வாசல்தான் கீரிமலை. பொம்பிளையளுக்குத் தனிக் கேணி இருக்கு. படியில பாசி, அம்மா மேல் படியில இருந்து கால் நனைக்கட்டும்.

ரெண்டாவது றோட்டில் கோப்பாய், நீர்வேலி தாண்டிப் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு. “அடியில்லாத கிணறு” எண்ட கதைக்கு வாயைப் பிளக்காமல் இதைக் கவனியுங்கோ: மேல் தண்ணி நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உப்பு. குடாநாட்டுக் கிணறுகளுக்கும் இதுதான் சங்கதி, உப்புத்தண்ணிக்கு மேல நல்ல தண்ணி மிதக்குது. அளவுக்கு மிஞ்சி இறைச்சால் உப்பு மேல வரும். (தேத்தண்ணி வேற மாதிரி ருசிச்சால் கடைக்காரரைத் திட்டாதேங்கோ, தண்ணியில சுண்ணாம்பு.) பிறகு வல்லை வெளி, பருத்தித்துறையில் வழிப்போக்கர் தங்கிப்போக றோட்டை மூடிக் கட்டின தெருமூடி மடம். றோட்டு அந்த மடத்துக்குள்ளாலதான் போகும், கல்லுத் திண்ணையைத் தொட்டுப் பாருங்கோ. மணல்காடு மணல் மேடுகளுக்கு 4 மணிக்குப் பிறகு. வானைத் தார் றோட்டிலயே விடுங்கோ, மணலுக்குள்ள சில்லுப் புதைஞ்சால் எடுக்கிறது லேசில்லை.

கோட்டையும் நூலகமும் பண்ணையடியிலதான், ஒரு பின்னேரம் காணும். நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு 2003இல் திரும்பத் திறந்தது.

வடலி:
ஆவணி எண்டால் நல்லூர்த் திருவிழாவோட முட்டுதா எண்டு முதல்ல கலண்டரைப் பாருங்கோ. 25 நாள், 24ஆம் நாள் தேர். கோயிலைச் சுத்தின வீதியள் வாகனத்துக்குப் பூட்டு, அறை கிடைக்காது. அம்மா நடக்கிற தூரத்தை வைச்சு அறை எடுங்கோ. ஆம்பிளையள் மேல்சட்டை கழட்டித்தான் உள்ள போகலாம்.

கூழைக் கடையில தேடுறதிலும் பாக்க, தங்கிற வீட்டில முதல் நாளே சொல்லி வைக்கிறது நல்லம். ஒடியல் (காய வைச்ச பனங்கிழங்கு) மாவை ஊற வைச்சு மேல் தண்ணியை வடிச்சு ஊத்தாட்டிக் காறும். அவசரத்தில வைக்கிற கூழ் பிழைக்கிறது அதிலதான். நண்டு, றால், மீன் அவிஞ்சு, பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் வெந்த பிறகு கடைசியிலதான் மாவும் புளியும். பிளாவில (பனையோலைக் கிண்ணத்தில) குடியுங்கோ, சூடு கையில அடிக்காது.

கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் முடிஞ்சிருக்கும். பனங்காய்ப் பணியாரம் கிடைக்கும். வாங்கினதும் சூட்டோட பொலித்தீனுக்குள்ள கட்ட வேண்டாம், வேர்த்துப் பழுதாகும்.

வாவிக்கரை:
நன்றி. நெடுந்தீவுக்கு மூன்று பேர், அம்மாவும் தங்கச்சியும் நல்லூரில். கீரிமலையில் அம்மா உடுப்பு மாற்ற இடம் இருக்குமா?

நிலாவரை:
பொம்பிளையளின்ர கேணிப் பக்கம் மறைப்பு இருக்கு. மாத்து உடுப்பைப் பொலித்தீன் பையில கொண்டுபோங்கோ, நிலம் எப்பவும் ஈரம்.