புதுப்பிப்பு: ஃபர்னஸ் எரியத் தொடங்கிய உடனே அணைந்த பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. போன வாரம் கேட்டிருந்தேன்: டொராண்டோ ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் பற்றும், நாலைந்து விநாடியில் அணைந்துவிடும். மூன்று தடவை அப்படி ஆனதும் முழுதாக நின்றுவிடும். வீட்டுக்குள் 14 டிகிரி, குழந்தை ஜாக்கெட்டோடு தூங்கினாள்.

தெர்மோஸ்டாட் பேட்டரியும் ஃபில்டரும் மாற்றினேன், பலனில்லை. ஃப்ளேம் சென்சாரை, அதாவது தீ எரிகிறதா என்று பார்க்கும் கம்பியை, சுத்தம் செய்யச் சொன்ன அண்ணாவின் யோசனைதான் வேலை செய்தது. மின்சாரத்தையும் கேஸையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வருகிறது. பென்சிலைவிட மெல்லிய கம்பி, தீயில் நிற்கும் பகுதியில் வெள்ளையாக ஒரு படலம். நைசான ஸ்டீல் வுல்லால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்து மாட்டினேன். முதல் தடவையிலேயே நின்று எரிந்தது. தீயின் வழியே இந்தக் கம்பிக்கு மைக்ரோஆம்ப் கணக்கில்தான் மின்சாரம் பாய்கிறதாம். படலம் அதைத் தடுத்தால், தீயே இல்லை என்று ஃபர்னஸை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு கேஸை மூடிவிடும்.

எதிர்பாராதது இது: இரண்டு நாளில் மறுபடி நின்றது. ஆனால் இந்தத் தடவை பர்னர் பற்றவே இல்லை. போர்டில் விளக்கு மினுக்குவதை எண்ணி, ஃபர்னஸ் கதவின் உள்பக்க அட்டவணையில் பார்த்தேன்: பிரஷர் ஸ்விட்ச். புகை சரியாக வெளியே போகிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச் அது. வெளியே புகைக் குழாய் வாயைப் பனி மூடவில்லை. அப்புறம் பார்த்தால், புகை குளிர்ந்து உண்டாகும் தண்ணீர் வடியும் ஹோஸில் வழுவழுவென்று அழுக்கு அடைத்திருந்தது. அது அடைத்தாலும் அந்த ஸ்விட்ச் பற்றவிடாதாம். கழற்றிக் கழுவினேன். ஐந்து நாளாக வீடு 21 டிகிரியில் இருக்கிறது.