கருப்பட்டிப் பாகு பட்ட கை: பற்பசையைக் கழுவலாமா?

திங்கள்சந்தைக்காரன்:
நேற்று மாலை வீட்டில் அக்கானி (பதநீர்) காய்ச்சியபோது, சிரட்டையில் ஊற்றும் பதத்துக்கு வந்திருந்த பாகு அம்மாவின் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் தெறித்து ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்ததில் தோலும் சேர்ந்து உரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காள் சொன்னபடி பற்பசை பூசினோம். இன்று காலையில் அது சுண்ணாம்புபோலக் காய்ந்து வெடித்திருக்கிறது; ஓரத்தில் நாவற்பழ அளவில் ஒரு கொப்புளம். கை வீங்கி வளையலும் இறுகிக் கிடக்கிறது. அம்மாவுக்கு 61 வயது; சர்க்கரை நோயும் உண்டு. வலி குறைந்துவிட்டது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார். கொப்புளத்தை உடைக்கலாமா?

தக்கலை செவிலி:
உடைக்க வேண்டாம். அந்தத் தோல்தான் இப்போது கிருமியைத் தடுக்கும் மூடி. முதலில் வளையலைக் கழற்றுங்கள். சோப்பு நீரில் வழுக்கி வராவிட்டால் வெட்டிவிடுங்கள், பொன் வளையலானாலும் சரிதான். வீக்கம் கூடினால் அது இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும்.

பாகு 100 டிகிரிக்கு மேல் கொதிப்பது மட்டுமல்ல, ஒட்டிக்கொண்டு நெடுநேரம் சுடவும் செய்யும். அதைத் துடைக்காமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டியிருந்தால், பாகும் கரைந்திருக்கும், சூடும் இறங்கியிருக்கும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. பற்பசை குளிர்வதுபோலத் தோன்றுவது அதிலுள்ள புதினாச் சத்தினால். சூட்டை அது இறக்குவதில்லை. இட்லி மாவு, மை, ஐஸ் கட்டி எல்லாமே வேண்டாதவை.

வலி குறைந்தது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ஆழமாகச் சுட்ட இடத்தில் நரம்பும் கெட்டுப்போவதால் வலி தெரியாது. சர்க்கரை நோயாளிக்குப் பொதுவாகவே உணர்ச்சி மங்கலாம். மூட்டின் மேல் பட்டிருப்பதால், புண் ஆறும்போது தோல் சுருங்கி மணிக்கட்டு நிமிராமல் போகவும் கூடும். பசையைச் சுரண்டாமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி, இன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், நினைவுபடுத்தி வையுங்கள்.

குலசேகரம் ரப்பர்காரர்:
எங்கள் பக்கத்தில் ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் காலில் கொட்டுவது உண்டு. எனக்குக் கொட்டியபோது சோடா உப்பைத் தூவ ஓடினார்கள். அமிலமும் உப்பும் சேர்ந்தால் மேலும் சூடேறும் என்பதால் தடுத்துவிட்டேன். நனைந்த கைலியை அவிழ்த்துப்போட்டு, தொட்டியடியில் குழாய் இல்லாததால், அரை மணி நேரத்துக்கும் மேலாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அக்கானி காய்ச்சும் இடத்திலும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் செம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

திங்கள்சந்தைக்காரன்:
நன்றி அக்கா, அண்ணாச்சி. வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். காய்ந்த பசையை உப்பு நீர் ஊற்றி ஊறவைத்து நீக்கவே நெடுநேரமானது. அடியில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. ஆழம் தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லி, ஊசி போட்டு, வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.