அப்பாவின் கண்புரைக்கு எந்த லென்ஸ் வைப்பது?

குன்னூர்வாசி:
என் அப்பாவுக்கு இரு கண்களிலும் கண்புரை முற்றிவருகிறது. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை எடுத்துத் தொழிற்சாலையில் சேர்க்கும் பிக்கப் வண்டியை அவரே ஓட்டுகிறார். பெரும்பாலும் இருட்டிய பிறகு, மூடுபனியில்தான் வீடு திரும்புவார். சர்க்கரை நோயும் உண்டு. மருத்துவமனையில் ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் மோனோஃபோக்கல், தூரம் கிட்டம் இரண்டுக்கும் உதவும் மல்டிஃபோக்கல் என்ற இரண்டு செயற்கை லென்ஸ்களையும் விளக்கினார்கள். விலை கூடியதே நல்லது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோத்தகிரி டீச்சர்:
எனக்கு வைத்திருப்பது மல்டிஃபோக்கல். நாளிதழையும் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தையும் கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன். அந்த வகையில் குறையே இல்லை. ஆனால் இரவில் எதிரே வரும் பேருந்தின் முகப்பு விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி படர்கிறது. நான் வண்டி ஓட்டுவதில்லை என்பதால் அதைப் பொருட்படுத்துவதில்லை.

உதகை கண் பரிசோதகர்:
டீச்சர் சொல்லும் வளையத்துக்குக் காரணம் அந்த லென்ஸின் அமைப்புதான். மல்டிஃபோக்கல், கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கிட்டுவிடுவதால், பனிக்குள் சாம்பல் நிற மாடு ஒன்று நின்றால் அதைப் பின்னணியிலிருந்து பிரித்தறியும் திறன் சற்றுக் குறையும். கொண்டை ஊசி வளைவுகளில் இரவில் வண்டி ஓட்டுபவருக்குத் தூரப்பார்வைக்கென்று கணக்கிட்ட மோனோஃபோக்கலையே நான் சொல்வேன். தேயிலை எடைச் சீட்டைப் படிக்க மட்டும் கண்ணாடி போட வேண்டியிருக்கும். சர்க்கரையால் விழித்திரை பழுதுபட்டிருந்தால் மல்டிஃபோக்கலைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், ஆகவே லென்ஸைத் தீர்மானிக்கும் முன்பே விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள். விலையை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள்: 1992-இல் மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகுதான் இந்த லென்ஸ்கள் ஏழைகளுக்கும் எட்டும் விலைக்கு வந்தன.

குன்னூர்வாசி:
மிக்க நன்றி ஐயா. அவருடைய கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் (சிதறல் பார்வையின் அளவு) 1.75 என்று இருக்கிறது. அப்படியானால் அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் தேவைப்படுமா?

உதகை கண் பரிசோதகர்:
சீட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதில் ஒரு பங்கு கண்ணிலுள்ள புரை படிந்த இயற்கை லென்ஸிலிருந்தே வந்திருக்கலாம். அந்த லென்ஸை எடுத்ததும் அதுவும் போய்விடும். கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமெட்ரி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் கருவிழியிலேயே இருந்தால், டோரிக் வகை மோனோஃபோக்கலுக்குக் கூடுதலாகச் செலவிடலாம். அந்த லென்ஸ் உள்ளே திரும்பிவிட்டால் பலன் குறையும் என்பதால், அறுவைக்குப் பிறகு கண்ணைக் கசக்காமல் அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.