எரிமலைக் குழம்பு மாதிரி: சூடு அதேதான், பாகு ஓட மாட்டேன் என்கிறது. உதவி தேவை

மண்டபம் டீச்சர்:
வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி. எரிமலைக் குழம்பு ஓடுவதைக் காட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கருப்பட்டிப் பாகைச் சாய்த்த தகரத்தில் ஊற்றிப் பார்த்தார்கள். முதல் கரண்டி 6 நொடியில் அடிவரை வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து ஊற்றியது பாதியில் நின்றது. மூன்றாவது, கரண்டியை விட்டே இறங்கவில்லை. மூன்று தடவையும் வெப்பமானி 90 டிகிரிதான் காட்டியது. ஆறிவிடக் கூடாதென்று சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தோம். "சூடு குறைந்தால்தானே டீச்சர் கெட்டியாகும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சாயல்குடி பனங்காடு:
டீச்சர், கிண்டியதுதான் விஷயம். பதநீர் காய்ச்சும் வீட்டில் பிறந்தவன் நான். பதம் வந்த பாகைத் துடுப்பால் கிண்டக் கிண்ட மாவு மாதிரி குருணை விழும். அப்புறம் சிரட்டையில் ஊற்ற நேரம் இருக்காது, சட்டியிலேயே இறுகிவிடும். பனங்கற்கண்டுக்கு நேர்மாறு. நூலைக் கட்டித் தொங்கவிட்டு அசைக்காமல் வைப்போம். கல் பெரிது பெரிதாக வளரும், சுற்றியிருக்கும் பாகு நீர்ப்பாகவே நிற்கும்.

தொண்டி வாசகன்:
மூடி போட்டீர்களா? தண்ணீர் ஆவியாகிப் போனாலும் கெட்டியாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து உருப்பெருக்கியில் பாருங்கள்.

மண்டபம் டீச்சர்:
மூடி போடவில்லை, அது என் தவறு. ஆனால் பார்த்தேன்: முதல் பாகின் சொட்டு தேன் மாதிரி தெளிவு. மூன்றாவது கலங்கி, பொடிப்பொடியாக மின்னுகிறது. விரலில் தேய்த்தால் நறநறக்கிறது.

கீழக்கரை புவியியல் மாணவி:
டீச்சர், உங்கள் தகரத்தில் நடந்தது எரிமலையிலும் நடக்கிறது. பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை) குழம்பு வெளியே வரும்போது சுமார் 1100 முதல் 1200 டிகிரி. உங்கள் பாகில் விழுந்த குருணை சர்க்கரைப் படிகம்; அதுபோலக் குழம்பில் முளைக்கும் படிகங்கள் உருகாத திடப்பொருள், குழம்பு அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் நகர வேண்டும். உருண்டைத் துகள் நூற்றுக்கு 2 பங்கு இருந்தால் பிசுக்குமை (ஓட மறுக்கும் தன்மை) 5 சதவீதம்தான் கூடும். 1906-இல் ஐன்ஸ்டைன் தொடங்கி 1911-இல் திருத்திய கணக்கு அது. ஆனால் பாதிக்கு மேல் போனால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட நின்றுவிடும். ஊசி போன்ற படிகங்கள் இன்னும் முன்னாடியே பின்னிக்கொள்ளும்.

ஹவாயில் வழவழவென்று கயிறு முறுக்கியதுபோல ஓடுவதை பாஹோஹோய் என்பார்கள், கரடுமுரடாக உடைந்து நகர்வதை ஆஆ என்பார்கள். சரிவில் வேகமாக இறங்கிக் கலங்கும் குழம்பில் படிகம் சீக்கிரம் விழும், பாஹோஹோய் ஆஆவாக மாறும். உங்கள் கரண்டி செய்த வேலைதான். மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய படிகங்களும் உண்டு. இத்தாலியின் எட்னா எரிமலையில் கி.மு. 122-இல் நடந்த வெடிப்பு அவற்றால் குழம்பு இறுகி, வாயு வெளியேற வழியில்லாமல் போனதோடு தொடர்புள்ளது என்று 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பாகில் சர்க்கரை படிகமானால் மிச்சப் பாகு நீர்க்கும். எரிமலைக் குழம்பில் இரும்பும் மக்னீசியமும் உள்ள படிகங்கள் பிரிந்தால் மிச்சத்தில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) கூடி அது இன்னும் பிசுக்கும். அந்த இடத்தில் கருப்பட்டி ஒத்து வராது.

சரி, கண்காட்சிக்கு: சர்க்கரைப் பாகில் எலுமிச்சைச் சாறு பிழிந்து, கிண்டாமல், மூடியே வையுங்கள். படிகம் விழாது. இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சலித்த பொடி மணலைக் கலந்து, ஒரே சூட்டில் ஓட விடுங்கள்.

மண்டபம் டீச்சர்:
நன்றிம்மா. இன்று செய்தோம். தெளிந்த பாகு 7 நொடி. பாதிக்குப் பாதி மணல் கலந்தது தகரத்தில் நாக்கு மாதிரி நீண்டு, நடுவில் மேடு கட்டி நின்றது. கேள்வி கேட்ட பிள்ளைதான் வெப்பமானியைப் பிடித்திருந்தாள். இரண்டுக்கும் 60 டிகிரி.

சாயல்குடி பனங்காடு:
மிச்சக் கருப்பட்டிப் பாகைக் கொட்டிவிடாதீர்கள் டீச்சர். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் குருணை கரைந்து மறுபடி ஓடும். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.