ஜாம் போத்தல் விளக்கு திருமலையினதா (திருகோணமலை)?

உப்புவெளியான்:
நேற்று ஒரு தம்பி இங்கே போட்ட தன் கலைப்படைப்பின் படத்தைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. ஜாம் போத்தல் விளக்கு, ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் கம்பியில் தொங்கவிட்டு, திருமலைப் பிள்ளைகளின் போர்க்காலமாம். டவுனில் யார் ஐயா ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்தது? 1990க்குப் பிறகு மண்ணெண்ணெய்க்கு அரசு தடை போட்டது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், சொட்டு எண்ணெயில் இந்த விளக்கு எரித்ததும் அங்கேதான். அவர்களுடைய ஞாபகத்தை எங்கள் தலையில் கட்ட வேண்டாம்.

மூதூர்க்காரி:
அண்ணை, திருமலை என்றால் உங்களுக்கு டவுன் பக்கத்து உவர்மலையும் உப்புவெளியும் மட்டும்தானா? மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சான் சென்றியை (இராணுவச் சோதனைச்சாவடி) தாண்டி எங்களை ஒரு ரோர்ச் பற்றரி கொண்டுபோக விடவில்லை. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், ஒரு திரி, அவ்வளவுதான். பிளேன் இரைந்தால் அம்மா அதையும் ஊதி அணைத்துவிடுவா.

உப்புவெளியான்:
டவுன் என்று எழுதினேன். டவுன். வாசித்துவிட்டு வாருங்கள்.

கடலோடி:
போத்தலை விடுங்கப்பா. பாவித்த சாமானைத் தொங்கவிட்டால் கலையா என்பதுதானே கேள்வி? கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ 2003இல் இஸ்தான்புல்லில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 1550 கதிரைகளைக் குவித்தார். அவ்வளவு தூரம் ஏன், நம் நாட்டு ஓவியர் சந்திரகுப்த தேனுவர 1997இல் சென்றிகளில் அடுக்கியிருந்த மாதிரியான தகரப் பரல்களையே (பீப்பாய்) கண்காட்சிக்கு வைத்தவர். பச்சையும் மண்ணிறமும் அடித்த பரலைக் கண்டால் இன்றைக்கும் என் கை அடையாள அட்டையைத்தான் தேடும்.

உப்புவெளியான்:
பரல் சரி. பரல் டவுனில் இருந்தது, நானே வரிசையில் நின்றிருக்கிறேன். ஜாம் போத்தல் இருக்கவில்லை. வெளிநாட்டுப் பெயரை ஒப்பித்தால் போத்தல் வந்துவிடுமா?

பனங்காய்:
திருமலைக் கோட்டையில் திரியும் மான்களைப் பற்றிய விவாதத்திலும் கடலோடி அண்ணா இப்படித்தான் உலகம் சுற்றினார் 😂

கடலோடி:
மான் பொலித்தீன் தின்கிறது என்றேன். அது பிழையா? அன்றைக்கு நீ கேட்ட கேள்விகளை எடுத்துப் போடவா?

மூதூர்க்காரி:
2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டு போட்டபோது உலையில் இருந்த சோற்றோடு விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள். அந்தச் சட்டி உங்களுக்குப் பழைய இரும்பு. எனக்குத் தம்பியோடு வேறு கோபம்: போத்தலைப் பளபளவென்று கழுவி வைத்திருக்கிறார். கரி பிடிக்காத ஜாம் போத்தல் விளக்கை எந்தப் பிள்ளை கண்டது?

உப்புவெளியான்:
பார்த்தீர்களா, போத்தல் பொய் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மூதூர்க்காரி:
கரி இல்லை என்றேன். உங்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

உப்புவெளியான்:
83 கலவரத்துக்கும் இந்த மண்ணை விட்டு அசையாதவன் சொல்கிறேன், டவுனில் இல்லை.

பனங்காய்:
டொரொண்டோவில் குளிர் என்று போன மாதம் எழுதியது யார்?

உப்புவெளியான்:
அது மகளைப் பார்க்கப் போனது, உமக்கென்ன? கதையை மாற்றாதீர். டவுனில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்த ஒரு வீட்டைச் சொல்லும். ஒன்றே ஒன்று.