பிக்டின் ஏரிக்கரையில் கூடாரம்: எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது

வணக்கம். கோடைக்கு லண்டன், டொரொண்டோ பக்கமிருந்து நோர்வே வருகிற ஊரவர்களுக்காக இது.

நோர்வேயின் வால்ட்ரெஸ் பகுதியில் பிக்டின் ஏரி 1,057 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. 51ஆம் இலக்கத் தெரு அதன் கிழக்கு முனையால் போவதால் பிள்ளைகுட்டிகளோடு போகவும் சுகம். அந்தப் பக்க விவசாயிகள் கோடையில் ஆடுமாடுகளை மலைக்கு ஏற்றி மேய்க்கிறார்கள். அவர்களுடைய கோடைப்பட்டிக்கு ஸ்டோல் என்று பெயர்.

1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிர்செய்யாத நிலத்தில் அனுமதி கேளாமலே கூடாரம் அடிக்கலாம். ஆள் இருக்கிற வீட்டுக்கோ கபினுக்கோ 150 மீற்றருக்குள் போகக்கூடாது. ஒரே இடத்தில் இரண்டு நாள்தான். குடிமனைக்குத் தொலைவான இடத்திலும் உயர்மலையிலும் அந்த இரண்டு நாள் கணக்கு இல்லை.

பிழை நடப்பது பெரும்பாலும் ஸ்டோலைச் சுற்றியுள்ள புல்தரையில். மட்டமாக, பச்சையாக, கல்லில்லாமல் கிடக்கும். பார்த்தவுடன் கூடாரத்தை இறக்கத்தான் மனம் வரும். ஆனால் அது பயிர்நிலம். அங்கே வெட்டுகிற புல்தான் மாட்டுக்குக் குளிர்காலத் தீனி. மிதிபட்டுப் படுத்த புல்லை இயந்திரம் சரியாக வெட்டாது. மேய்ச்சலில் உப்புக்கல் வைத்திருந்தால் அதற்குக் கிட்டவும் வேண்டாம். இரவிரவாக ஆடுகள் வந்துபோகும். படலை திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டு வாருங்கள்.

கரையில் செடியே இல்லாமல் வெறும் கல்லாகத் தெரியும் பட்டையும் ஆகாது. பிக்டின் மின்சாரத்துக்காக அணைகட்டிய ஏரி. நீர்மட்டம் சுமார் 9 மீற்றர் ஏறி இறங்கும். பனி உருகுகிற காலத்தில் அது ஏறுகிற பக்கம். செடி தொடங்கும் கோட்டுக்கு மேலே, கொஞ்சம் மேடான இடம் பாருங்கள். பள்ளத்தில் இரவுக்குளிர் தேங்கும்.

ஏரி கிழக்கு மேற்காக நீண்டு கிடப்பதால் காற்று அதன் வழியே இழுத்து அடிக்கும். மேல்காற்றென்றால் கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் மேற்கே, வாசல் கிழக்கே. மண் ஆழமில்லை, முளை பாதியில் கல்லில் முட்டும். அப்போது முளையைக் கயிற்று வளையத்துக்குள் படுக்கையாகச் செருகி, மேலே பாரக்கல் வையுங்கள். பழைய கல்வேலியிலிருந்தோ வழிகாட்டிக் கற்குவியலிலிருந்தோ கல் எடுக்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதை அண்டியும் நெருப்பு மூட்டத் தடை. அடுப்புக் கொண்டுபோங்கள், ஆனால் தனி பியூட்டேன் காஸ் வேண்டாம்; ஜூலையிலும் விடியப்புறம் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கும், அந்தக் குளிரில் அது ஆவியாகாது. புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். தண்ணீர் அங்கே சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும், சோறு வேகச் சுணங்கும். அரிசியை அரை மணித்தியாலம் ஊறப்போட்டால் காஸ் மிச்சம். மேலே ஆடு மேய்வதால் ஓடைத்தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கறிச்சட்டியை ஏரிக்குள் கழுவ வேண்டாம்.

நாய் கொண்டுவருபவர்கள்: ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை கயிற்றில் கட்டியே வைத்திருக்க வேண்டும். ஆடு மேயும் இடத்தில் அதற்குப் பிறகும் அவிழ்க்காமல் விடுவது நல்லது.