பழைய மிற்சுபிஷி ஜீப்: திருத்துவதா, கொடுத்துவிட்டு வேறு எடுப்பதா?

செம்மண் (உரும்பிராய்)
எங்கள் வீட்டில் ஒரு மிற்சுபிஷி ஜீப் நிற்கிறது. ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர், 4டிஆர்5 டீசல் எஞ்சின். கடற்கரைப் பக்கம் செம்பியன்பற்றில் இருக்கிற தென்னங்காணிக்குப் போய்வருவதுதான் அதன் வேலை. தேங்காய் ஏற்றும், உரம் ஏற்றும், சில நாள் ஆட்களையும் ஏற்றும். அந்தப் பக்கம் போனால் மச்சானின் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக் கொடுக்கும்.

இப்போது காலையில் ஸ்டார்ட் எடுப்பது பெரும்பாடு. வெள்ளைப் புகை. பின்பக்க ஸ்பிரிங் பட்டை செசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பிடிக்கிற இடத்தைக் கறள் தின்று விரல் போகிற அளவுக்கு ஓட்டை. எஞ்சின் ஓவர்ஹோல், செசி, ரிங்கரிங் (தகட்டு வேலை), பெயின்ற் எல்லாம் சேர்த்து 14 இலட்சம் வரும் என்று கராஜில் சொல்கிறார்கள். ஒரு புறோக்கர் வேறு, உள்ளபடியே எடுக்கிறேன் என்று வாசலில் நிற்கிறார். வீட்டில் ஆளுக்கொரு கதை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை
கொடுத்துவிடுங்கள் தம்பி. 14 இலட்சம் என்று தொடங்கிய பழைய வண்டி வேலை 14 இலட்சத்தில் முடிந்ததை நான் கண்டதில்லை. கழற்றக் கழற்றச் செலவு வெளியே வரும். கியர்பொக்ஸ் சத்தம் போடும், டிபரன்ஷலில் எண்ணெய் வடியும். அரைவாசியில் நிறுத்தவும் முடியாது, ஏற்கெனவே போட்ட காசு பிடித்து இழுக்கும்.

இந்த வயது வண்டிக்கு லீசிங் கிடைக்காது, முழுக் காப்புறுதி எடுப்பதும் கஷ்டம். நாளைக்கு எங்காவது முட்டினால் அந்த 14 இலட்சமும் தண்ணீரில் போட்டதுதான்.

பழைய இரும்பு
கொடுத்துவிட்டு எதை எடுப்பது அண்ணை? அதையும் சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தார்கள்தான், ஆனால் உற்பத்தி வரியை எஞ்சினின் சீசீ கணக்கில் போடுகிறார்கள். பெரிய டீசல் எஞ்சின் என்றால் வரியே வண்டி விலையை விழுங்கும். அதற்கு மேலே 18 சதவீத வற் வரி. நாலு சில்லும் இழுக்கிற புது வண்டி ஒன்றைக் கோடிக்குக் கீழே காட்டுங்கள் பார்ப்போம். பழையது எடுத்தால் அது இன்னொருவர் தலையைச் சுற்றி எறிந்த வண்டி. உங்கள் ஜீப்பின் வருத்தமாவது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஜீப்புக்குச் சாமான் தட்டுப்பாடும் இல்லை. அமெரிக்க வில்லிஸ் கம்பனியின் உரிமம் பெற்று 1953 முதல் 1998 வரை மிற்சுபிஷி அடித்த வண்டி இது. அதே 4டிஆர்5 எஞ்சினைக் கன்டர் லொறிக்கும் றோசா பஸ்ஸுக்கும் பூட்டினார்கள். கொழும்பில் பழைய சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் எஞ்சின் சாமான் கையோடு வரும். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் ஒஸ்ரின் கேம்பிறிஜ் காரை மண்ணெண்ணெயில் ஓட்டின ஊர் இது. ஒரு ஸ்பிரிங் பிடிக்குப் பயந்து ஜீப்பை விற்பதா?

கணக்குப்பிள்ளை
அந்த மண்ணெண்ணெய்க் கதையை எல்லா இடத்திலும் இழுக்க வேண்டாம். அன்றைக்குப் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை, வேறு வண்டியும் வராது. வேறு வழியில்லாமல் ஓட்டினோம். மூக்குக்குள் கரி படிய, ஸ்டார்ட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோலைப் போத்தலில் ஒளித்து வைத்துக்கொண்டு பட்ட பாடு அது. வழி இருக்கிற இன்றைக்கும் அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

பனிநாட்டான் (ஸ்காபரோ)
இங்கே கனடாவில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அதனால் கறள் பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். வெளியே விரல் போகிற ஓட்டை தெரிந்தால் உள்ளே அதைவிட மோசம். செசி உள்ளிருந்துதான் உக்கி வரும். ஸ்பிரிங் பிடி ஓட்டத்தில் பிய்ந்தால் பின் அச்சு ஒரு பக்கம் திரும்பும், வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பின்னால் ஆட்களை ஏற்றுகிறேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். காசுக் கணக்கை நீங்கள் எப்படியும் போடுங்கள். திருத்தும்வரை ஆட்களை ஏற்றாதீர்கள்.

பழைய இரும்பு
அது நியாயமான பேச்சு. ஆனால் உங்கள் ஊரில் பழைய வண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த கிழமையே வேறு எடுக்கலாம். இங்கே எறிந்தால் சைக்கிள்தான்.

ஸ்பனர் 17 (சுன்னாகம்)
இரண்டு பக்கமும் எஞ்சினையும் செசியையும் ஒரே மூட்டையாகக் கட்டி விலை பேசுகிறீர்கள். பிரித்துப் பாருங்கள்.

முதலில் எஞ்சின். காலையில் அடம்பிடிப்பதும் வெள்ளைப் புகையும் மட்டும் இருந்தால் ஓவர்ஹோல் என்று அர்த்தம் இல்லை. ஹீற்றர் பிளக் நாலும் சுடுகிறதா, நொசில் ஒழுங்காகத் தெளிக்கிறதா, டீசல் பைப்பில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்த்தார்களா? பிறகு கொம்பிரஷன் பார்த்தார்களா? இதெல்லாம் பார்க்காமல் எஞ்சினை இறக்கச் சொல்கிறவர் தன் வேலையைப் பார்க்கிறார். நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஓட விட்டபடியே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் றிங் தேய்ந்துவிட்டது. இலேசான ஆவி மட்டும் என்றால் இன்னும் ஓடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டு போனால் ஹெட் கஸ்கெற்றைச் சந்தேகப்பட வேண்டும், அது வேறு கதை.

இனிச் செசி. உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் போனால் வேறு எஞ்சின் தேடலாம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பதியலாம். செசி முழுக்கப் போனால் வண்டியே இல்லை.

வண்டியைக் கராஜ் குழிக்கு மேலே ஏற்றிக்கொண்டு சின்னச் சுட்டியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். தின்ற இடம் தொம் என்று அடங்கும். அடங்கின இடத்தில் பழைய ஸ்குறூ டிறைவரை வைத்துப் பலமாகக் குத்துங்கள், உள்ளே இறங்கினால் வெண்கட்டியால் வட்டம் போடுங்கள். தார் பூசியிருந்தால் சுரண்டிவிட்டுக் குத்த வேண்டும். தாருக்கு அடியில்தான் பழைய களவெல்லாம் படுத்திருக்கும். ஸ்பிரிங் பிடிகள், குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேர்கிற மூலைகள், ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டின இடம், வண்டியின் மேல்கூடு உட்காருகிற பிடிகள், இவற்றை விடாமல் பாருங்கள்.

வட்டமெல்லாம் மூலைகளில் மட்டும் விழுந்தால் ஒட்டலாம். நீளச் சட்டத்தில் வரிசையாக விழுந்தால் கொடுத்துவிடுங்கள், நானும் கணக்குப்பிள்ளை அண்ணை பக்கம் வந்துவிடுவேன்.

ஒட்டுவதிலும் ஒரு விஷயம். கறளுக்கு மேலே தகடு வைத்து ஒட்டிக் கறுப்பு அடித்துத் தருவார்கள். அது ஏமாற்று. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் நின்று முன்னையைவிடக் கெதியாகத் தின்னும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிப்புத் தகட்டை மடித்து வைக்க வேண்டும். ஒட்டுக் கோடு சட்டத்துக்குக் குறுக்கே நேராக வரக் கூடாது, சரித்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். செசி நம்பர் அடித்திருக்கிற துண்டுக்குக் கிட்ட யாரையும் கிரைண்டரோடு விடாதீர்கள். அந்த நம்பர் அழிந்தால் பிறகு நீங்கள் அலைய வேண்டியது பொலிசுக்கும் திணைக்களத்துக்கும்.

ஆழியவளையாள்
நான் அந்தக் கரையில்தான் இருக்கிறேன். உந்த ஜீப்புக்கு வருத்தம் வந்த இடம் எனக்குத் தெரியும்: வள்ளம் இழுக்கிறோம் என்று பின்சில்லு நனைய அலைக்குள் இறக்குவது. இறக்கிவிட்டுப் பக்கத்துக் கிணற்றில் நாலு வாளி அள்ளி ஊற்றி, கழுவியாயிற்று என்று போவார்கள். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் மணலுக்கு அடியில் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, இறைக்க இறைக்க உவர் ஏறும். கடலுக்குக் கிட்டவுள்ள கிணற்றில் கழுவினால் உப்பை உப்பால் கழுவின மாதிரி. தம்பிக்கு உரும்பிராயில் நல்ல கிணறு இருக்கிறது. அங்கே கொண்டுபோய் அடிப்பக்கத்துக்கு அடித்துக் கழுவ வேண்டும், அன்றைக்கே.

இன்னொன்றும் கேட்கிறேன். தம்பிக்கு ஜீப் உண்மையாகவே வேண்டுமா? செம்பியன்பற்றுப் பக்கம் பெரிய வீதியில் எந்த வண்டியும் வரும். உள்ளே காணிக்குப் போகிற மணல் துண்டுதான் பிரச்சினை. ஒரு பட்டா (சின்ன லொறி) எடுத்து வீதியில் விட்டுவிட்டு, தேங்காயைக் காணியிலிருந்து லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெஷினில்) இழுப்பித்தால் போதாதா? எங்கள் ஆட்கள் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய இரும்பு
அக்கா, மழை விழுந்து வயல் தொடங்கினால் லாண்ட்மாஸ்டர் எங்கே கிடைக்கும்? சொந்தமாக வைத்திருப்பவன் தன் உழவை விட்டுவிட்டு உங்கள் தேங்காய்க்கு வருவானா?

ஆழியவளையாள்
மழை நேரத்தில் மணல் இறுகிக் கிடக்கும், அப்போது பட்டாவே கொஞ்சத் தூரம் உள்ளே வரும், வெள்ளம் நிற்கிற பள்ளங்களை விலத்தினால் சரி. ரயர் புதைவது காய்ந்த மணலில். பங்குனி, சித்திரையில் வந்து பாருங்கள். அந்த நேரம் லாண்ட்மாஸ்டர்காரர் எல்லாம் வேலை இல்லாமல்தான் நிற்பார்கள். நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எங்கள் மணலுக்குச் சாத்திரம் சொல்கிறீர்கள்.

பழைய இரும்பு
சரி, மணலில் நீங்கள்தான் வென்றீர்கள். ஆனால் பட்டாவும் சும்மா வராது. அதற்கும் காசு வேண்டும், லீசிங் கட்டினால் மாதம் மாதம் வட்டி. ஜீப் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை
ஒன்றைப் பாருங்கள், பட்டா சம்பாதிக்கும். தோட்டம் இல்லாத நாளில் வாடகைக்கு ஓடலாம். ஜீப் நின்றால் நின்றதுதான், அதற்கும் வருடம் வருடம் புகைப் பரிசோதனை, லைசன்ஸ், காப்புறுதி. அக்கா சொன்னதுதான் என் கட்சி. எல்லாரும் ஜீப்பை எதால் மாற்றுவது என்று இன்னொரு ஜீப்பையே தேடுகிறீர்கள்.

ஸ்பனர் 17 (சுன்னாகம்)
கொடுப்பதென்று முடிவானால் ஒரு சொல். இப்படி வாசலுக்கு வருகிற புறோக்கர்மாரில் சிலர் வண்டிக்காக வருவதில்லை, புத்தகத்துக்காக வருவார்கள். எஞ்சின் நம்பர், செசி நம்பர் சுத்தமாக இருக்கிற பழைய புத்தகத்துக்கு ஒரு விலை உண்டு. அதை வைத்து என்ன செய்வார்கள் என்பது உங்களுக்கு வேண்டாம். ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குகிறவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்து, கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த நம்பர் எங்கே பிடிபட்டாலும் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பெயர் மாற்றி எழுதினால் மட்டும் சாவியைக் கொடுங்கள்.

செம்மண் (உரும்பிராய்)
எல்லாருக்கும் நன்றி. வேறு ஒரு கராஜில் விட்டுப் பார்த்தோம். ஹீற்றர் பிளக்கில் இரண்டு செத்திருந்தன, நொசில் தெளிக்காமல் சொட்டியது. கொம்பிரஷன் நாலிலும் ஏறக்குறைய ஒரே அளவு, எஞ்சினை இறக்கத் தேவையில்லை என்கிறார். எண்ணெய் மூடியில் இலேசான ஆவிதான். தண்ணீர் குறையவில்லை.

செசிதான் கவலை. இடப்பக்கப் பின் ஸ்பிரிங் பிடி முழுக்கப் போய்விட்டது, வலப்பக்கம் அரைவாசி. ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டின இடம் நல்ல இரும்பு. இடப்பக்க நீளச் சட்டத்தில், சாரதி ஆசனத்துக்கு நேரே மற்றப் பக்கத்தில், தாரைச் சுரண்டினால் யாரோ முந்தி தகட்டுக்கு மேலே தகடு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு முழ நீளம். ஸ்குறூ டிறைவர் தகட்டில் இறங்கவில்லை, தகட்டின் விளிம்பில் இறங்கியது.

கணக்குப்பிள்ளை
முடிந்தது. நீளச் சட்டத்தில் விழுந்தால் கொடுக்கச் சொன்னது ஸ்பனர்தான்.

ஸ்பனர் 17 (சுன்னாகம்)
வரிசையாக விழுந்தால் என்று சொன்னேன் அண்ணை. இது ஒரு இடம். அந்தத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். கீழே ஒரு முழத்தோடு கறள் நின்றால் வெட்டி வைக்கலாம். இரண்டு பக்கமும் ஓடினால் கையை எடுத்துவிடலாம். அதைப் பார்க்கக் கூட்டைத் தூக்க வேண்டும். பெரிய வேலை இல்லை, கூட்டின் போல்ட் எல்லாம் கறளோடு இறுகியிருக்கும், முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கழற்ற முன்னர் கூலியைத் தனியாகப் பேசுங்கள். பிறகு வேண்டாம் என்று நிறுத்தினாலும் அந்தக் கூலியோடு முடிய வேண்டும்.

பனிநாட்டான் (ஸ்காபரோ)
கூட்டைத் தூக்கினால் பிரேக் பைப்பைப் பார்க்காமல் திரும்ப இறக்காதீர்கள். செசியோடு ஒட்டி ஓடுகிற பைப், செசி தின்றிருந்தால் அதுவும் தின்றிருக்கும்.

செம்மண் (உரும்பிராய்)
அப்படியே செய்கிறோம். பெயின்ற், ரிங்கரிங் இரண்டையும் வெட்டியாயிற்று, காணிக்குப் போகிற ஜீப்புக்கு அழகு எதற்கு. நொசில், பிளக், செசி, பிரேக் பைப் என்று எழுதி 6 இலட்சத்துக்கு மேலே போகாது என்று வீட்டில் சத்தியம் வாங்கிவிட்டார்கள். தகட்டுக்குக் கீழே கறள் ஓடியிருந்தால் விற்பதுதான், அதையும் ஒத்துக்கொண்டேன். புறோக்கரிடம் பெயர் மாற்றித்தான் தருவேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

கணக்குப்பிள்ளை
6 இலட்சம் என்று எழுதிக் கராஜ்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் இப்பவும் பட்டா கட்சிதான்.

ஆழியவளையாள்
எது எப்படியோ, மச்சானுக்குச் சொல்லுங்கள்: வள்ளம் இழுக்க எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு ட்ரக்டர் நிற்கிறது, கரைக்கு வந்து இழுத்துத் தருவார். இனி ஜீப்பைத் தண்ணீருக்குள் கேட்கக் கூடாது.